நைனாவுக்கு முதலில் போனது தெலுங்கு

எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, காது எப்போது மந்தமாக ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. எந்த மொழியில் ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்வேன். தெலுங்கில்.

நாங்கள் நகரி. மாடியில் நின்றால் நகரி மூக்கு மலை தெரியும், அதற்கு இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறிச் சத்தம். நைனாவும் தறி ஓட்டுகிறவர்தான். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. எங்கள் தெருவில் வீட்டுப் பேச்சு தமிழ், பேங்க், கரண்ட் ஆபீஸ், ரேஷன் எல்லாம் தெலுங்கு. நைனா இரண்டிலும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று பேங்குக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றார். "அந்தப் பையன் வாய்க்குள்ளயே பேசறான்மா, ஒண்ணும் புரியல." அப்புறம் வேறு ஆள் வந்தார், அவரும் வாய்க்குள்ளேயே பேசினார். அப்புறம் டிவியில் தெலுங்குச் செய்தி பார்ப்பது நின்றது. வயசாகுது, சலிப்பு, முன்கோபம் என்று நாங்களே ஏதேதோ பெயர் வைத்துக்கொண்டோம்.

இப்போது யோசித்தால் எவ்வளவு நேரான விஷயம். சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா வாயைத் திறந்தால் என்ன சொல்வாள் என்று நைனாவுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். பாதி கேட்டாலே போதும், மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். பேங்க் பையன் சொல்லும் தெலுங்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. அங்கே நிரப்ப ஒன்றும் இல்லை. அதனால் முதலில் விழுந்தது அதுதான். தமிழும் விழுந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். தறி ஓட்டுகிறவர்கள் வராத நாள் கிடையாது. "காதுல கொய்ன்னு சத்தம், ஏதாவது சொட்டு மருந்து குடு." "ராத்திரி படுத்தா காதுக்குள்ள வண்டு கத்துது." அழுக்கை இளக்கும் சொட்டு மருந்து கேட்பார்கள், தலைச்சுற்றலுக்கு டாக்டர் எழுதும் மாத்திரையைப் பக்கத்துத் தறிக்காரர் சொன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். சொட்டு மருந்தை நானும் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அழுக்கு அடைத்திருந்தால் அது உதவும். தறி அடித்த காதுக்கு அது ஒன்றுமே செய்யாது, ஏனென்றால் பழுது இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரவே முடியாது. அந்த வண்டுச் சத்தம் வெளியிலிருந்து வருவதும் இல்லை. உள்ளே செத்துப்போன பகுதியிலிருந்து செய்தி வராததால் மூளை தானாக உண்டாக்கிக்கொள்ளும் இரைச்சல் என்றுதான் பெரும்பாலும் விளக்குகிறார்கள்.

இதை நான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டது நைனாவைத் திருப்பதிக்குக் கூட்டிப் போன பிறகுதான். அதற்கு முன்னால் இங்கேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "வயசாயிடுச்சுல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது நைனாவுக்கு 54. என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இந்த ஊரில் தறி ஓட்டுகிறேன் என்பதை ஒரு நோய்க் காரணமாக யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை.

திருப்பதியில் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் டக் டக் என்று அமுக்கினார். அப்புறம் ரொம்ப நேரம் கை அசையவே இல்லை. சோதனை செய்யும் பெண் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார், நைனா பட்டன்மேல் விரலை வைத்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஏதாவது வரும் என்று. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ரிசல்ட் தாளில் வலது காது: 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-ல் 30, 2000-ல் 45, 4000-ல் 75. அப்புறம் 8000-ல் கொஞ்சம் தேறி 60. ஹெர்ட்ஸ் என்பது ஒலி எவ்வளவு கீச்சு என்பது, டெசிபல் என்பது எவ்வளவு சத்தம் வைத்தால்தான் கேட்கிறது என்பது, எண் பெரிதானால் காது அவ்வளவு மோசம். கோடு சரிந்துபோய் 4000-ல் பள்ளத்தில் விழுந்து மறுபடி சற்று எழுகிறது. அந்தப் பள்ளம்தான் அடையாளம். வயசால் போகும் காதில் கோடு சரிந்துகொண்டே போகும், கடைசியில் எழாது. சத்தத்தால் போன காதில் 4000-ஐ ஒட்டிக் குழி விழும், ஏனென்றால் காதுக் குழாயின் அமைப்பே 3000-ஐச் சுற்றியுள்ள ஒலியைப் பெருக்கித்தான் உள்ளே அனுப்புகிறது, அதன் அடி அதற்குச் சற்று மேலே போய் விழுகிறது. உள்ளே நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியை நரம்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவைதான். செத்தால் திரும்ப முளைக்காது. தோல் மாதிரி இல்லை, நகம் மாதிரி இல்லை.

இந்தப் பள்ளம் பேச்சை என்ன செய்கிறது என்று அங்கே தமிழ் தெரிந்த ஒரு தம்பி எனக்கு விளக்கியது இது. கடை, சடை, தடை, படை. நான்கையும் சொல்லிப் பாருங்கள். பின்பாதி கனமான தாழ்ந்த ஒலி, அது நைனாவுக்கு நன்றாகவே கேட்கிறது. முதல் எழுத்தைப் பிரித்துக் காட்டுவது மட்டும் மெல்லிய உயர்ந்த ஒலி. அது பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. நைனாவுக்கு நான்கும் "அடை"தான். அதனால்தான் "கேக்குது, ஆனா புரியல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அதற்குக் கத்திப் பேசினோம். கத்தினால் "அடை"தான் பெரிதாகக் கேட்கும், முதல் எழுத்து வராது.

என் பெண்ணுக்கு ஆறு வயது. கீச்சுக் குரல். தாத்தா தாத்தா என்று நாலு தடவை கூப்பிட்டுவிட்டு, "தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா" என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்குத்தான் திருப்பதிக்குப் போவது என்று முடிவு செய்தேன். இன்னொன்று, பல்லி. வீட்டில் ஏதாவது பேசும்போது பல்லி சொன்னால் அம்மா உடனே தரையில் விரலால் தட்டுவாள், நைனாவும் "சொல்லிடுச்சு பாரு" என்பார். அவர் அப்படிச் சொல்லியே எத்தனையோ வருஷம் ஆகியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

சரி, அந்தச் சத்தம் எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். நைனா வேலை செய்யும் ஷெட்டில் 8 தறி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை, நான்கு பக்கமும் பூசின சுவர். எங்கும் சத்தத்தை உறிஞ்ச ஒரு பொருள் கிடையாது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் கட்டைதான் நாடா, அது தறியின் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பாய வேண்டும். பாய வைக்க பிக்கிங் குச்சி ஓங்கி ஓர் அடி அடிக்கும், எதிர்ப் பெட்டியில் போய் நாடா மோதி நிற்கும்போது இன்னோர் அடி, நடுவில் பலகை வந்து ஊடையை இடிக்கும். ஒரு தறியில் நிமிஷத்துக்கு 120 தடவை நாடா பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், கரண்ட் போகாத 12 மணி நேர ஷிப்டில் 86,400 தடவை. அது ஒரே ஒரு தறி. பக்கத்தில் இன்னும் ஏழு. இடைவிடாத இரைச்சலை விட இப்படிச் சடார் சடார் என்று மோதும் சத்தம் காதுக்கு இன்னும் மோசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் போனில் சத்தம் அளக்கும் செயலியை ஓடவிட்டு நைனா நிற்கும் இடத்தில் நின்றேன். 98, 101, 99 என்று ஆடியது. போன் மைக் துல்லியமான கருவி இல்லை, ஆனால் விசைத்தறிக் கூடங்களில் முறையாக அளப்பவர்களும் 100-ஐ ஒட்டித்தான் சொல்கிறார்கள். டெசிபல் கணக்கு ரூபாய் கணக்கு மாதிரி இல்லை. 3 ஏறினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2. அப்படியே போனால் 100-க்கு 15 நிமிஷம். நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கான முன்மாதிரி விதிகள் இன்னும் தாராளம், 8 மணி நேரத்துக்கு 90, 100 என்றால் 2 மணி நேரம். இரண்டில் எதை எடுத்தாலும் பத்து மணி டீ வரும் முன்னாலேயே நைனாவின் காது அன்றைய அளவைத் தாண்டிவிடுகிறது. அவர் அங்கே நிற்பது 12 மணி நேரம், 39 வருஷமாக.

கருவி ஒன்றும் இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கும் என்றால் அந்த இடம் 85-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் ஷெட்டில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே கைதான் பேசும். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் இழை அறுந்தது, மூடிய கையைச் சுழற்றினால் தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்று, தீர்ந்தது, கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் டீ, மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார். சின்ன வயசில் இதெல்லாம் எனக்கு விளையாட்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் பெண்கள் உதட்டசைவிலேயே பேசப் பழகியிருந்தார்கள், அந்தப் பேச்சுக்கு மீ-மா என்று பெயரே இருந்தது. எங்கோ இருப்பவர்களும் எங்கள் தெரு ஆட்களும் ஒரே காரணத்துக்காக ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இது தெரியாத விஷயமும் இல்லை. செம்பு அடிப்பவர்கள் செவிடாகிறார்கள் என்று ரமாஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1713-லேயே எழுதிவைத்தார். ஸ்காட்லாந்தின் டண்டீ ஊரில் சணல் தறிப் பெண்களின் காதுகளைச் சோதித்து 1965-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் என்னை உலுக்கியது ஒன்றுதான்: 4000 பக்கத்து இழப்பில் பெரும்பங்கு முதல் 10, 15 வருஷத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அப்படியானால் நைனாவுக்கு 54-ல் காது கெடவில்லை. அவர் 34 வயதில், நான் கைக்குழந்தையாக இருந்த காலத்திலேயே பெரும்பகுதி போய்விட்டது. நாங்கள் பார்த்தது மிச்சத்தை.

அதனால்தான் கடைக்கு வரும் 22 வயதுப் பையன்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. போன ஆடி மாதம் ஒரு தம்பி வந்தான். "அக்கா, ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா ரெண்டு காதும் பஞ்சு வெச்ச மாதிரி இருக்குது, காலைல சரியாயிடுது, அதுக்கு ஏதாவது குடு." காலையில் சரியாகிறதே என்று அவனுக்கு ஒரு நிம்மதி. அந்த அடைப்புத்தான் எச்சரிக்கை. மயிர்ச்செல்கள் மயங்கி விழுந்து எழுகின்றன. தினமும் விழுந்து எழுந்து ஒருநாள் எழாமல் போகும். அவனை உட்கார வைத்து நைனாவின் ரிசல்ட் தாளைப் போனில் காட்டினேன். (ஒரே காது, ஒரே நாளில், திடீரென்று அடைத்துப் போனால் அது வேறு விஷயம். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே காது டாக்டர்.)

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. இழப்பீடு தர வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை என்று கணக்கில் வர மத்தியச் சட்டப்படி 10 தொழிலாளர்கள் வேண்டும் என்று இருந்தது, 2025 நவம்பர் 21-ல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. 8 தறிக்கு ஒரு ஷிப்டில் இரண்டு, மூன்று பேர். நைனா வேலை செய்த எந்த ஷெட்டும் எந்தக் கணக்கிலும் வராது. போதாததற்குச் சில வருஷம் பள்ளிப்பட்டு பக்கம் போய்த் தறி ஓட்டினார். கூலி தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு ஆந்திராவில், வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இரண்டிலும் இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழாவது கிடைக்குமா என்று பார்த்தால் 2016 சட்டம் இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் எடுக்கிறது. நைனாவின் தாளில் 500 முதல் 4000 வரையான நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுத்தால் 44-க்குக் கொஞ்சம் குறைவு. இடது காதும் ஏறக்குறைய அதேதான். அந்த நல்ல 25-உம் 30-உம் சேர்ந்து 75-ஐ மறைத்துவிடுகின்றன. பேரப்பிள்ளை கூப்பிடுவது கேட்காத மனிதர் தாளில் ஊனமில்லாதவர். சராசரியை வைத்து அளப்பது தறிக்காரர்களுக்குப் பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் சத்தம் சராசரியாக அடிப்பதில்லை, ஒரே இடத்தில் அடிக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டிலேயே தறி போட்டிருந்த காலத்தில் அதே அறையில் உட்கார்ந்து தார் சுற்றினவள் அவள். தறிக்கும் நாங்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி கரண்ட் போனால் எல்லோரும் விழித்துக்கொள்வோம், சத்தம் நின்றுவிட்டதே என்று. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல் என்று 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி சொல்கிறது. அந்த 45 எப்படி இருக்கும் என்பது கரண்ட் போன ராத்திரிகளில் மட்டும் எங்களுக்குத் தெரியும். அம்மாவைத் தறித் தொழிலாளி என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதியதில்லை. திருப்பதிக்குப் போன அன்று கூட வந்தவள்தானே என்று அவளையும் அந்த அறையில் உட்கார வைத்தேன். அவளுக்கும் பள்ளம் இருக்கிறது, 4000-ல் 50.

செய்ய முடிந்தவை நிறைய இருக்கின்றன, அதுதான் வயிற்றெரிச்சல். பிக்கிங் குச்சியும் அதன் முனையில் நாடாவை அடிக்கும் பிக்கரும் தேய்ந்து ஆடினால் சத்தம் கூடும், நேரத்துக்கு மாற்றினால் குறையும். தறியின் காலுக்கு அடியில் ரப்பர் கட்டை வைக்கலாம், கூரைக்குக் கீழே சணல் பொதியோ கயிற்றுப் பாயோ கட்டினால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். நாடா இல்லாத ரேப்பியர் தறியில் அந்தப் பெரிய மோதல் இல்லை, அங்கும் சத்தம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. பழைய தறிகளை மேம்படுத்த 2017-ல் மத்திய அரசு பவர்டெக்ஸ் திட்டம் கொண்டுவந்தது. அதன் பேச்செல்லாம் துணியின் தரமும் உற்பத்தியும். ஓட்டுகிறவரின் காதும் அந்தக் கணக்கில் வந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் முதலாளி மனசு வைக்க வேண்டியவை. நாளைக் காலையே செய்ய முடிந்தது காதடைப்பான். ஷெட்டில் எல்லோரும் கழிவுப் பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அது பெரிதாக எதையும் தடுக்காது, தடுக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் கொடுக்கும். நுரையால் செய்த மஞ்சள் அடைப்பான் ஒரு ஜோடி ஒன்றிரண்டு டீ விலைதான். ஆனால் சும்மா காது வாசலில் சொருகினால் பஞ்சுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கை கழுவ வேண்டும், கஞ்சியும் ஆயிலும் ஒட்டிய விரலோடு தொட்டால் காதில் சீழ் வைக்கும். விரல்களுக்கு நடுவே மெல்லிசாக உருட்ட வேண்டும், எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது எண்ணும் நேரம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். கடையில் மூன்று பேர் கேட்டால் மூன்று பேருக்கும் செய்து காட்டுகிறேன்.

"தறி சத்தம் மாறினா எப்படித் தெரியும்?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட, ஏனென்றால் நல்ல தறிக்காரர் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால்தான் பிடிப்பார். காது நன்றாக இருப்பவருக்கு அடைப்பான் போட்டாலும் மாற்றம் தெரியும், எல்லாச் சத்தமும் சேர்ந்து இறங்குவதால். நாலைந்து நாளில் பழகிவிடுகிறது என்று அந்தத் தம்பியே வந்து சொன்னான். ஏற்கெனவே காது போனவருக்குத்தான் கஷ்டம், மிச்சம் கேட்பதும் குறையும். அதனால் போட வேண்டியது வேலைக்குச் சேரும் முதல் நாளிலிருந்து. சேரும்போதே ஒரு தடவை காது சோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருஷம் ஒரு தடவை. நாளைக்கு எங்கேயாவது போய்க் கேட்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

நைனாவுக்கு ஒரு காதுக்கு மட்டும் மெஷின் வாங்கினோம், இரண்டுக்கும் கையில் காசில்லை. மாட்டிய முதல் நாள் குக்கர் விசில் அடங்கிய பிறகு வரும் உஸ் என்ற காற்றுச் சத்தத்தைக் கேட்டு அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். பேங்குக்கு இன்னும் அம்மாவோடுதான் போகிறார். நான்தான் அவர் எதிரே வந்து, முகம் தெரியும்படி, கத்தாமல், நிதானமாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

தறி ஓட்டுவதை அவர் நிறுத்தவில்லை, நிறுத்த முடியாது. ஷெட்டுக்குள் மெஷினைக் கழற்றிவிட்டு அடைப்பானைப் போட வேண்டும், வெளியே வந்ததும் இதை எடுத்துவிட்டு அதை மாட்ட வேண்டும். சட்டைப் பையில் சின்னதாக இரண்டு டப்பா வைத்திருக்கிறார். இந்த வாரம் ராத்திரி ஷிப்ட். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று தன் காதைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டுகிறாள். அவர் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்.